பவளத்தைப் பார்க்க வந்த டாக்டர்

"நீ எதுக்கும்மா இவ்வளவு தூரம் அலையணும்? டாக்டர் வரட்டும், பார்க்கட்டும், எழுதிக் குடுக்கட்டும். அதை அப்படியே போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்புல போட்டுடறேன். நீ வண்டியை மட்டும் அனுப்பு. பவளத்தை ஏத்தி விடறேன்."

செந்தமிழன் போனில் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லில் தோசை கருகுகிற வாசனை வந்தது. இளவேனில் அடுப்பை அணைத்தாள்.

"இல்லண்ணா. நான் வந்துடறேன். டாக்டர் பார்க்கறப்ப நானும் இருக்கேன்."

 "உன் இஷ்டம்" என்று பதில் வந்தது. அந்தக் குரலில் இஷ்டம் துளிகூட இல்லை.

பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தபோதே இளவேனிலைப் பார்த்து ஊர் சிரித்தது. ஜீயபுரத்தில் அப்பா மருதையின் வாழைத்தோப்பில் ஒரு பக்கத்தைத் திருத்தி, மணல் கொட்டி, வேலி கட்டி, குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித்தரப் போகிறேன் என்றபோது இன்னும் பலமாகச் சிரித்தது. காலேஜில் என்.சி.சி. குதிரைப் படையில் இருந்தவள் என்பது யாருக்கும் நினைவில்லை. இப்போது மணல் தயார், வேலி தயார், சேரப்போகும் குழந்தைகளும் தயார். குதிரைதான் இல்லை. அந்த நேரத்தில்தான் நாத்தனார் ஆனந்தவள்ளியின் கணவர் செந்தமிழன், "என்கிட்ட பவளம் சும்மாதான் நிக்குது, எடுத்துக்க" என்றார். ஸ்ரீரங்கத்தில் கல்யாண அலங்காரத் தொழில் அவருக்கு. மாப்பிள்ளை ஊர்வலத்துக்காக வாங்கிய பெண் குதிரை அது.

வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் வளவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"மாமாதானே?"

"ம்."

"போறேன்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

ஷூ கயிற்றை அவன் தேவைக்கு மேல் இறுக்கினான். "டாக்டர் பார்க்கறப்ப நீ பக்கத்துல நின்னா, குதிரைக்கு அஞ்சாவது கால் முளைச்சிடுமா?"

"குதிரை அதேதான். டாக்டரும் அதேதான் பார்ப்பாங்க. நான் பார்க்க வேணாமா?"

"நாம வாங்கறது அக்கா வீட்ல இளா. ஊர் பேர் தெரியாதவன்கிட்ட இல்ல. நீ போய் நின்னா, உங்களை நம்பலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி. அப்புறம் ஒரு நல்லது கெட்டதுக்கு நான் எந்த மூஞ்சியோட ஸ்ரீரங்கம் போவேன்?"

இளவேனில் டிபன் பாக்ஸை மூடி அவன் கையில் கொடுத்தாள். நேற்று போனில், குதிரையைப் பார்க்கப்போகும் கால்நடை டாக்டர் ஜெஸிமாவிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டிருந்தாள். நான் கட்டாயம் வரணுமா டாக்டர்? அந்தப் பெண் யோசிக்காமல் பதில் சொன்னாள். "கட்டாயம் இல்ல மேடம். வராதவங்கதான் ஜாஸ்தி. நான் கண்டதெல்லாம் ரிப்போர்ட்ல இருக்கும். ஆனா நடுவுல எனக்கு ஒரு கேள்வி வந்தா யார்கிட்ட கேட்பேன்? விக்கறவர்கிட்டதான் கேட்கணும்."

"அதுமேல முதல்ல ஏறப்போறது நம்ம கனிஷ்கா" என்றாள் இளவேனில். "நான் போறேங்க."

வளவன் டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். மகளின் பெயரைக் கேட்ட பிறகு அவன் தடுக்கப் பார்க்கவில்லை. ஆனாலும் அவன் முகத்தில் இருந்தது வெறும் கோபம் மாதிரித் தெரியவில்லை. ஏதோ பயம் மாதிரி இருந்தது. அதைக் கேட்பதற்குள் பைக் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

*

பால்பண்ணை நெரிசலில் நின்று நின்று, பாலம் தாண்டி, திருவானைக்காவல் வழியாக அவள் ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கொள்ளிடக் கரையோரத் தென்னந்தோப்பில்தான் செந்தமிழனின் கிடங்கு. மணவறைத் தூண்களும் தெர்மோகோல் யானைகளும் அடுக்கியிருந்த கொட்டகையின் பின்னால் லாயம்.

அவள் உள்ளே நுழையவும், செந்தமிழன் பவளத்தைப் பிடித்துக்கொண்டு கரையிலிருந்து வரவும் சரியாக இருந்தது. செம்பழுப்பு நிறம். நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கழுத்தெல்லாம் வேர்வை.

"டாக்டருக்கு முன்னாடியே வந்துட்டியா?" என்றார்.

"ஆமாண்ணா."

ஆனந்தவள்ளி காபி கொண்டுவந்தாள். டம்ளரைக் கையில் கொடுக்கவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலில் வைத்தாள்.

"நேராவே கேட்கறேன் இளவேனி. நாங்க உன்னை ஏமாத்திடுவோம்னு நினைச்சுட்டியா?"

"அண்ணி, உங்களைப் பத்தி நான் எதுவும் நினைக்கல. பவளத்துக்கு ஒரு வலி இருந்தா அதால உங்ககிட்ட சொல்ல முடியாது. மேல உட்காந்திருக்கிற புள்ளைக்கும் அது தெரியாது. தடுக்கி விழுந்தப்புறம்தான் தெரியும். அன்னைக்கு அந்தப் புள்ளையோட அம்மா என்கிட்ட வந்து, நீ பார்த்துத்தான் வாங்கினியான்னு கேட்பா. நான் என்ன சொல்றது?"

ஆனந்தவள்ளி தென்னை மட்டைகளை ஓரமாக இழுத்துப் போட ஆரம்பித்தாள். காபி ஆறிக்கொண்டிருந்தது. இளவேனில் எடுத்துக் குடித்தாள். சர்க்கரை இல்லை. மறதியா கோபமா என்று தெரியவில்லை.

டாக்டர் ஜெஸிமா ஒரு பழைய காரில் வந்து இறங்கினாள். முப்பது வயதுதான் இருக்கும். தலையில் துப்பட்டா, காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வந்ததும் குதிரையைத் தொடவில்லை. தள்ளி நின்று பார்த்தாள்.

"காலைல ஓட்டினீங்களா சார்?"

"இல்லம்மா, சும்மா ஒரு..." என்று செந்தமிழன் இழுத்தார்.

"இப்பத்தானே கரையில ஒரு சுத்து ஓட்டிட்டு வந்தீங்க" என்றாள் ஆனந்தவள்ளி, மட்டையை இழுத்தபடியே.

"சுறுசுறுப்பா நிக்கட்டுமேன்னு ஓட்டினேன். அதுல என்ன தப்பு?"

"தப்பில்ல சார். ஆனா உடம்பு சூடாயிட்டா பிடிப்பு இருந்தாலும் காட்டாது. கொஞ்ச நேரம் கட்டிப் போடுங்க. ஆறட்டும்." இளவேனில் பக்கம் திரும்பினாள். "மேடம், நான் பார்க்கறப்ப குறுக்க பேசாதீங்க. சந்தேகம்னா மனசுல வெச்சுக்கங்க, அப்புறம் கேளுங்க. நான் கூப்பிட்டா மட்டும் கிட்ட வாங்க."

இளவேனில் தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தில் விசில் ஊதி ஊதிப் பழகியவளுக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பது சுலபமாக இல்லை.

குதிரை ஆறியதும் வேலை தொடங்கியது. ஸ்டெதஸ்கோப்பை விலாவில் வைத்து டாக்டர் கண்ணை மூடிக் கேட்டாள். லாயத்தின் இருட்டு மூலைக்குக் கூட்டிப்போய் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள். நாலு கால்களையும் மேலிருந்து கீழாகத் தடவினாள். ஒவ்வொரு குளம்பையும் தூக்கி இடுக்கியால் அழுத்திப் பார்த்தாள். பவளம் அடங்கி நின்றது. செந்தமிழன் பிடரியில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே, "தங்கம். பட்டாசு வெடிச்சாக்கூட அசையாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

டாக்டர் அதன் மேல் உதட்டைத் தூக்கினாள். பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"மேடம், கொஞ்சம் இங்க வாங்க."

இளவேனில் கிட்டப் போனாள்.

"வயசு எவ்வளவுன்னு சொன்னாங்க?" டாக்டர் தணிந்த குரலில் கேட்டாள்.

"எட்டு."

"இந்த ஓரப் பல்லைப் பாருங்க. ஈறுலேர்ந்து ஒரு பழுப்புக் கோடு இறங்குதா? எட்டு வயசுக் குதிரைக்கு இந்தக் கோடே வராது. பத்து வயசு வாக்குலதான் ஈறுகிட்ட எட்டிப் பார்க்கும். இது பாதிப் பல்லுக்கு வந்தாச்சு."

"அப்படின்னா?"

"பதினஞ்சு. ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கலாம். எட்டு கிடையவே கிடையாது."

இளவேனிலுக்குக் காது மடல் சுட்டது. இவ்வளவு நாளும் அவள் அண்ணா அண்ணா என்று கூப்பிட்டவரா பொய் சொன்னார்? வீட்டிலேயே இருந்திருந்தால் இந்தப் பல் அந்த வாட்ஸ்அப் போட்டோவில் வந்திருக்குமா? ஒரு வார்த்தையும் பேசாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டு, சாயங்காலம் போனில் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

திரும்பி செந்தமிழனைப் பார்த்தாள். அவர் இன்னும் வைக்கோல்தான் பொறுக்கிக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்ட ஆள் அப்படி நிற்க மாட்டான்.

"அண்ணா, நீங்களும் வந்து பாருங்க."

"என்னம்மா, பல்லுல பூச்சியா?" சிரித்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் இளவேனிலைப் பார்த்தாள். "நீங்க சொன்னாத்தான் நான் அவர்கிட்ட சொல்ல முடியும்."

"சொல்லுங்க டாக்டர். எல்லாரும் வீட்டு மனுஷங்கதான்."

டாக்டர் மறுபடியும் உதட்டைத் தூக்கி அதே கோட்டைக் காட்டினாள். சிரிப்பு அவர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அதெப்படிம்மா? ஆறு வயசுன்னு சொல்லித்தானே எனக்கு வித்தான்? நான் வாங்கி ரெண்டு வருஷம்."

"யார் சார் வித்தது?"

"சரவணன்னு ஒருத்தன். பொன்மலைப்பட்டிப் பக்கம் குதிரை யாவாரம்."

"அப்ப டாக்டர் யாராவது பார்த்தாங்களா?"

"பார்த்தாச்சுன்னு சொன்னான்."

"நீங்க கூட இருந்தீங்களா?"

"நான் எதுக்கு? கல்யாண சீசன். தலைக்கு மேல வேலை. அதுவும் தெரிஞ்ச இடம்னு..." செந்தமிழன் நிறுத்தினார். அவர் பார்வை டாக்டரைத் தாண்டித் தோப்பு வாசலுக்குப் போனது.

அங்கே வளவன் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தான். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. காலில் பாதுகாப்பு பூட்ஸ். அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு நேரே வந்திருக்கிறான்.

"வா மாப்ள" என்றார் செந்தமிழன். குரல் தாழ்ந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "நீதானே அன்னைக்குச் சொன்ன, தெரிஞ்ச இடம், நம்பி வாங்குங்கன்னு? இப்ப வந்து பாரு. எனக்குக் கிழவியைக் கட்டி வெச்சிருக்கான் உன் தெரிஞ்ச ஆளு."

வளவன் அப்படியே நின்றான். இளவேனிலுக்குக் காலையில் பார்த்த முகம் இப்போது புரிந்தது.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"வயசு தெரியாது இளா. கனிஷ்கா மேல சத்தியமா தெரியாது. கூட வேலை பார்க்கறவர் ஒருத்தர் அந்த ஆளு நம்பரைக் குடுத்தார். நான் மாமாகிட்ட குடுத்தேன். அவனை நேர்ல பார்த்ததுகூட இல்ல. ஏதாவது கோளாறு வந்தா என் தலையிலதான் விடியும்னு..." அக்காவைப் பார்த்தான். ஆனந்தவள்ளி கையிலிருந்த மட்டையைக் கீழே போட்டிருந்தாள்.

"பார்க்காத ஆளையா தம்பி தெரிஞ்ச இடம்னு சொன்ன?"



செந்தமிழன் கயிற்றைத் தரையில் வீசினார். "போதும். யாவாரமும் வேணாம், ஒண்ணும் வேணாம். டாக்டரம்மா, நீங்க கெளம்புங்க. ஊர் சிரிக்க இது ஒண்ணு போதும்."

இளவேனில் குனிந்து கயிற்றை எடுத்தாள்.

"பாதியில விடக் கூடாதுண்ணா. டாக்டர், மிச்சத்தையும் பாருங்க."

"பதினஞ்சு வயசுக் குதிரையை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போற?"

"அதைத்தான் டாக்டர்கிட்ட கேட்கப் போறேன்."

*

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. இளவேனில் கயிற்றோடு முன்னால் வந்தாள். டாக்டர் தடுத்தாள். "நீங்க ஓட்டினா நீங்க பார்க்க முடியாது மேடம். வேற யாராவது பிடிங்க."

செந்தமிழன் தூண் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். மிச்சம் இருந்தது வளவன்தான். நாய் குரைத்தாலே எதிர் வரிசைக்குப் போகிற ஆள். மனைவி கயிற்றை நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

தோப்பின் சிமெண்டுப் பாதையில் அந்தக் கனத்த பூட்ஸோடு, அடையாள அட்டை மார்பில் அடிக்க, பவளத்தின் பக்கத்தில் அவன் ஓடினான். குதிரை அவனை ஒரு முறை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அவன் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஆனந்தவள்ளிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அவர்கள் திரும்பி வந்து நின்றதும் டாக்டர் பவளத்தின் வலது முன்னங்காலை மடக்கித் தூக்கி அப்படியே பிடித்திருந்தாள். விட்ட உடனே, "ஓட்டுங்க!" என்றாள். வளவன் ஓடினான். அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் பவளத்தின் தலை லேசாக மேலே எழும்பியது. கொஞ்ச தூரம் போனதும் சரியாகிவிட்டது.

"பார்த்தீங்களா?"

"தலை ஏறுது."

"மூட்டுல வயசு. இதை எழுத்துல படிச்சா உங்களுக்கு என்ன புரியும்னு எனக்குத் தெரியாது. பெரிசா பயந்திருப்பீங்க, இல்ல ஒண்ணுமில்லன்னு விட்டிருப்பீங்க." டாக்டர் நிமிர்ந்தாள். "எதுக்கு வாங்கறீங்கன்னு செந்தமிழன் சார்கிட்ட போன்ல கேட்டப்ப சவாரிக்குன்னார். என்ன சவாரி?"

இளவேனில் எல்லாவற்றையும் சொன்னாள். மணல் தளம். சின்னக் குழந்தைகள். முதலில் உட்காரப் பழக்குவது, பிறகு நடை, பிறகு மெல்லிய ஓட்டம். பெரிய பிள்ளைகள் வந்தால் தாண்டவும் சொல்லித்தர வேண்டும்.

"தாண்டறதுக்கு இது வேணாம். தினமும் சுத்திச் சுத்தி ஓட வைக்கறதும் வேணாம். நடக்க, மெதுவா ஓட, சின்னப் பசங்களுக்கு பயம் தெளிய, இது மாதிரி ஒண்ணு கிடைக்கறது கஷ்டம். இருதயம் நல்லா இருக்கு, கண்ணு நல்லா இருக்கு. ஓட்டத் தெரியாத உங்க சாரைக்கூட அது கூட்டிக்கிட்டுப் போச்சு பார்த்தீங்கல்ல? வயசு ஒரு குறையே இல்ல மேடம். அதை மறைச்சு வித்ததுதான் குறை."

கடைசியாக டாக்டர் பையிலிருந்து ஊசியை எடுத்தாள். செந்தமிழன் இருந்த பக்கம் போய் நின்றாள்.

"ரத்தம் எடுக்கணும் சார். வலி தெரியாம இருக்க ஏதாவது மருந்து உடம்புல இருக்கான்னு பார்க்க. குதிரை உங்களோடது. நீங்க சம்மதிச்சாத்தான்."

வளவன் முகம் வெளுத்தது. மாமாவைத் திருடன் என்று சொல்வதற்கும் இதற்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

செந்தமிழன் எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பவளத்தின் கழுத்தை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். "எடுங்க. நான் எதுவும் குடுக்கல. அது எழுத்துல வந்தா எனக்கும் நல்லதுதான்."

ரத்தக் குழாய் ஐஸ் பெட்டிக்குள் போனது. டாக்டர் கார் கிளம்பியதும் இளவேனில் செந்தமிழன் முன்னால் போய் நின்றாள்.

"ரிசல்ட் சரியா வந்தா பவளத்தை நான் கூட்டிட்டுப் போறேண்ணா. வயசுக்கு ஏத்த விலையை நீங்களே சொல்லுங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "எங்கிட்ட தனியா வந்து சொல்லாம, கூப்பிட்டுக் காட்டினியே. அது போதும்மா. விலை கிடக்கட்டும். முதல்ல நான் அந்தச் சரவணனைப் பார்க்கணும்." தன் பைக்கை உதைத்துக் கிளப்பினார். "மாப்ள, ஏறு. உன் தெரிஞ்ச ஆளை எனக்கும் காட்டு."

வளவன் மனைவியைப் பார்த்தான். அவள் போங்க என்று தலையசைத்தாள். அவன் ஏறிக்கொண்டான்.

*

பவளத்துக்குத் தண்ணீர் காட்டி, கால்களைக் கழுவி விட்டு, இரண்டு பெண்களும் தென்னை நிழலில் உட்கார்ந்தார்கள். ஆனந்தவள்ளி மறுபடியும் காபி போட்டு வந்து, இம்முறை கையில் கொடுத்தாள்.

"அவர் கோவக்காரர் இளவேனி. அங்க போய் கை நீட்டிடப் போறார்."

"உங்க தம்பி கூட இருக்கார்ல அண்ணி."

"அவனா? அவன் குதிரைக்கே பயந்தவன்."

போன் அடித்தது. வளவன்தான். பின்னால் லாரி என்ஜின் சத்தமும், அதற்கு மேல் செந்தமிழனின் குரலும் கேட்டன.

"இளா, இங்க இன்னொரு குதிரையை வண்டியில ஏத்திட்டு இருக்காங்க. கறுப்பு. சின்ன வயசாம், ரேஸ் ஓடினதாம். ஜீயபுரம் போகுதாம்."

"ஜீயபுரத்துல யாருக்கு?"



"உங்கப்பாவுக்கு. ஒரு குதிரையோட எம்பொண்ணு எப்படிப் பள்ளிக்கூடம் நடத்துவான்னு, உனக்குத் தெரியாம வாங்கி நாளைக்கு வெள்ளிக்கிழமை தோப்புல கட்டி வைக்கப் போறாராம்."

இளவேனில் எழுந்து நின்றுவிட்டாள். "அப்பா அந்தக் குதிரையைப் பார்த்தாரா?"

"போட்டோ பார்த்திருக்கார். போன்லயே பேசி முடிச்சிட்டாராம்."

"அப்பாவுக்கு அந்த ஆளு நம்பர் எப்படிக் கிடைச்சுது?"

"அது வந்து இளா..." என்று இழுத்தான்.

"நீங்க குடுத்தீங்களா?"

"கேட்டார். எதுக்குன்னு நான் கேட்கல இளா."

திட்டுவதற்கு நேரம் இருக்கிறது, பிறகு திட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

"நல்லா கேட்டுக்கங்க. அந்த வண்டி கெளம்பக் கூடாது. முன்னாடி போய் நில்லுங்க. அண்ணன் யார் மேலயும் கை வைக்கக் கூடாது. நான் வர்றவரைக்கும் குதிரையை இறக்கச் சொல்லிக் கட்டிப் போடுங்க. யாரும் அதை ஓட்டக் கூடாது, ஊசி போடக் கூடாது, கால்ல தண்ணிகூட ஊத்தக் கூடாது, நோவு மறைஞ்சிடும். புரியுதா?"

"நான் சொன்னா கேட்பாங்களா?"

"கேட்க வைங்க."

அழைப்பைத் துண்டித்து அடுத்த எண்ணைப் போட்டாள். டாக்டர் ஜெஸிமா ரத்தத்தை லேபில் கொடுத்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தாள்.

"டாக்டர், இன்னைக்கே இன்னொரு குதிரையைப் பார்க்கணும். பொன்மலைப்பட்டி. இப்பவே வர முடியுமா?"

"வர்றேன். வாங்கறவங்க யாரு?"

"எங்கப்பா."

"அவர் இருப்பாரா?"

"இருப்பார் டாக்டர். நான் கூட்டிட்டு வரேன்."

சொல்லிவிட்டாளே தவிர, ஜீயபுரம் ஒரு திசை, பொன்மலைப்பட்டி ஒரு திசை. மகளை அசத்திப் பார்க்க ஆசைப்பட்டுக் காத்திருக்கிற மனிதரிடம் போய் என்ன சொல்லிக் கிளப்புவது என்றும் தெரியவில்லை. ஸ்கூட்டரில் சாவியைப் போட்டாள்.

பின் சீட் அழுந்தியது. திரும்பிப் பார்த்தாள். ஆனந்தவள்ளி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"உங்கப்பாகிட்ட நான் பேசறேன்" என்றாள். "பார்க்காம வாங்கின வீட்டுக்காரி நான். நான் சொன்னா கேட்பார். நீ வண்டியை எடு."